உப்பைக் காக்க மதில் எடுத்த ஊர்

தெற்குக் குரோவேஷியாவில், துப்ரோவ்னிக் நகருக்கு வடமேற்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தின் கழுத்துப் பகுதியில் ஸ்டோன் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. சில நூறு மக்களே வாழும் இவ்வூரின் பின்னே குன்றின்மீது ஏறி இறங்கும் கல்மதில் இன்றும் சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் நீளம் நிற்கிறது. இத்துணைச் சிறிய ஊருக்கு இத்துணைப் பெரிய மதில் எதற்கு எனக் கேட்போர், ஊரின் முன்னே விரிந்துள்ள உப்பளத்தைக் காணல் வேண்டும்.

1333-ஆம் ஆண்டில் ஸ்டோன் துப்ரோவ்னிக் குடியரசின் வசமாயிற்று. அக்காலத்தில் உப்பின்றி மீனையும் இறைச்சியையும் சேமிக்க இயலாது. ஆகவே உப்பு வாணிகம் அக்குடியரசின் கருவூலத்திற்குப் பெருவருவாய் ஈட்டித் தந்தது. நிலவழியே பகைவர் புகாவண்ணம் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை மதில் எழுப்பினர். 1808-இல் நெப்போலியன் ஆட்சியில் குடியரசு மறைந்தபின் மதிலின் கற்கள் பல வேறு கட்டடங்களுக்குச் சென்றன. 1996-ஆம் ஆண்டு நிலநடுக்கம் ஊரையும் மதிலையும் ஒருங்கே குலைத்தது. பின்னரே செப்பனிடப்பட்டன.

தூத்துக்குடி, வேதாரணியம் உப்பளங்களை அறிந்த நம் அங்கத்தினர்க்கு அங்குள்ள முறை புதிதன்று. கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலாலும் காற்றாலும் செறிவேற்றி, இறுதிப் பாத்தியில் உப்பு படிந்ததும் வாரிக் குவிக்கின்றனர். வாருமுன் பெருமழை பெய்யின் உழைப்பு கரைந்துவிடும், இதிலும் வேறுபாடில்லை! அப்பாத்திகளுக்குப் புனிதர்களின் பெயர்களை இட்டுள்ளனர். ஒன்றுக்கு மட்டும் ‘முந்தோ’, அதாவது ‘உலகம்’ என்று பெயர். அதில் விளைந்த உப்பு ஊராருக்கு உரியது என அங்கே சொல்வர்.

மதிலின் மறுமுனையில் உள்ள மாலி ஸ்டோன் சிப்பி வளர்ப்புக்குப் பேர்பெற்றது. நன்னீர் ஊற்றுகள் கலக்கும் அவ்விரிகுடாவில் இளஞ்சிப்பிகளைக் கயிறுகளில் ஒட்டித் தொங்கவிடுகின்றனர். விற்பனைக்குரிய பருமன் அடைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். சிப்பி தான் வாழும் நீரையே வடிகட்டி உண்பது. எனவே கரையிலிருந்து கழிவுநீர் கலந்தால் உண்பவர் நோயுறுவர். மூன்றாண்டு முதலும் முடங்கும். வளர்ப்போர் அஞ்சுவது இதனையே.

செல்வோர் காலமறிந்து செல்லுதல் நலம். சிப்பி சுவைப்பதற்கு மார்ச்சு மாதமும், உப்பு வாருதலைக் காண்பதற்குக் கோடையும் ஏற்றவை. ஒரே பயணத்தில் இரண்டும் கிட்டா. மதில்வழி ஏற்றம் செங்குத்தானது, நிழலும் அரிது. காலையிலேயே ஏறி, மாலி ஸ்டோனில் இறங்கினால் உணவு வேளைக்குச் சரியாக இருக்கும்.