எருக்குவியலில் தானாக முளைத்த பயிர்

கோடிப்புறத்திற் குவித்து வைத்த கூட்டெருவில் ஒருநாள் பூசணிக் கொடியொன்று தலைகாட்டும். இரண்டு மழை பெய்ததும் அதனருகே தக்காளிக் கன்றுகள் கூட்டமாக எழும். பப்பாசிக் கன்றொன்றும் நிமிர்ந்து நிற்கும். விதைத்தவர் எவருமில்லை, நீர் வார்த்தவரும் இல்லை. ஆயினும், பாத்தியிலே நாம் பேணி வளர்க்கும் கன்றுகளிலும் பார்க்க அவை செழித்திருக்கும். இதனைக் கண்டு மகிழாத கமக்காரர் இலர். மகிழ்வதில் தவறில்லை. ஆனால், “இக்குவியல் போதிய அளவு சூடேறவில்லை” என்னும் செய்தியையும் அக்கன்றுகள் நமக்குக் கூறுகின்றன. அதனைக் கேளாது அவ்வெருவைத் தோட்டத்திற் பரப்புவோர் பின்னர் வருந்த நேரிடும்.

நான் கற்ற பாடம்

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. அம்மாதங்களிற் பலரும் அவசர அவசரமாகக் கூட்டெரு குவித்தனர். நானும் என் வளவில் ஒரு குவியல் அமைத்தேன். அதன் உயரம் இரண்டடியும் இராது. நாள்தோறும் சமையற் கழிவை அதன்மேற் கொட்டி வந்தேனே தவிர, ஒருமுறையேனும் புரட்டவில்லை. பூசணியும் தக்காளியும் முளைத்தபோது, எருவின் வளத்துக்கு அதுவே சான்று என எண்ணி, வந்தோர்க்கெல்லாம் காட்டிப் பெருமை கொண்டேன்.

அயலிலுள்ள முதியவர் ஒருவர் அவ்வெருவை வாங்கித் தமது வெங்காயப் பாத்திகளுக்கு இட்டார். இரண்டு கிழமைக்குள் வெங்காயத் தாளிலும் மிகுதியாகக் கீரையும் தக்காளியும் புல்லும் முளைத்துவிட்டன. வெங்காயத்தின் வேர் மேலோடுவது. களையை மண்வெட்டியாற் கொத்த இயலாது. கையினாலேயே பிடுங்க வேண்டும். வழக்கமாக இருமுறை களை பிடுங்கும் அவர் அம்முறை நான்கு தடவை கூலியாள் பிடிக்க நேர்ந்தது. அக்கூலியை அவர் என்னிடம் கேட்கவில்லை. “தம்பி, நீர் தந்தது எருவோ, நாற்றுமேடையோ?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

விதை ஏன் சாவதில்லை?

குப்பையை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் பெருகும்போது வெப்பம் பிறக்கின்றது. நன்கு அமைந்த குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். இவ்வெப்பம் சில நாட்கள் நிலைத்து நிற்பின் களை விதைகளிற் பெரும்பாலானவையும் நோய்க் கிருமிகள் பலவும் மடியும். குவியல் சிறிதாயின் வெப்பம் காற்றோடு போய்விடும். பெரிய குவியலிலுங்கூட வெளிப்புறம் குளிர்ந்தே இருக்கும். ஆதலாற் புரட்டாத குவியலின் ஓரத்திலுள்ள விதைகள் உயிரோடு தங்கிவிடுகின்றன. புல் மேய்ந்த மாட்டின் வயிற்றினூடாக வந்தும் சாகாத விதைகள் சாணத்தில் உள என்பதையும் மறத்தலாகாது.

நெற்செய்கையாளரும் இதிற் கருத்தூன்றல் வேண்டும். களைநெல் மலிந்த வயலின் வைக்கோலும் பதரும் சூடேறாத குவியலிற் சேர்ந்தால், அடுத்த போகத்தில் அக்களைநெல்லை நாமே வயலிற் கொண்டுபோய் விதைத்தவராவோம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பரவியுள்ள பார்த்தீனியமும் அத்தகையதே. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளைச் சிந்தும். பூத்த செடியைக் குவியலில் இடவே கூடாது. பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கி அழித்தல் வேண்டும்.

எதனை வைத்திருக்கலாம்?

தானாக முளைத்த கன்று யாவும் தாயைப் போன்று காய்ப்பதில்லை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆகவே, திலின போன்ற இனங்களின் கன்று தாயை ஒத்திருக்கும். கடையில் வாங்கிய கலப்பினப் பழத்தின் விதையாயின் கன்றுக்குக் கன்று வேறுபடும். ‘ரெட் லேடி’ பப்பாசியின் விதையும் அவ்வாறே. வீட்டுத் தேவைக்கு ஒன்றிரண்டு வளர்க்கலாம். விற்பனைச் செய்கைக்கு அவற்றை நம்புதல் ஆகாது.

பூசணி, சுரை, வெள்ளரி ஆகியவற்றின் மகரந்தத்தைத் தேனீக்கள் வளவுக்கு வளவு எடுத்துச் செல்கின்றன. எனவே, தானாக முளைத்த கொடியின் காயைச் சமைக்குமுன் சிறு துண்டொன்றை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுக. கசந்தால் அக்காயை உண்ணலாகாது. அக்கசப்பு நஞ்சு, சமைத்தாலும் அது நீங்காது. கொடியையும் பிடுங்கிவிடுக. இயல்பாகவே கசக்கும் பாகலுக்கு இவ்விதி பொருந்தாது.

தக்காளிச் செய்கை இல்லாத காலத்திற் குப்பைமேட்டில் நிற்கும் தக்காளி, வெண் ஈக்கும் அது பரப்பும் இலைச்சுருள் நோய்க்கும் புகலிடமாகும். இலை சுருண்டு மஞ்சளித்த கன்றை உடனே அகற்றுக. பச்சையாகவே திடீரென வாடிய கன்றின் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். பால்போன்ற நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அதனைக் குவியலில் இடாது எரித்தல் வேண்டும்.

குவியலைத் திருத்தும் முறை

1. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் நான்கடிக்குக் குறையாது, நீர் தேங்காத நிழலிடத்தில் அமைக்குக.

2. அடியிற் சுள்ளிகளைப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் அல்லது சருகு அரையடி, பூவரசு, கிளிரிசிடியா போன்ற பச்சிலை அரையடி, சாணம் இரண்டங்குலம் என மாறிமாறி அடுக்குக. வைக்கோல் மட்டும் இருப்பின் நைதரசன் போதாது, குவியல் சூடேறாது.

3. ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் மிகை. கசியாவிடின் நீர் தெளிக்குக.

4. நடுவில் ஒரு தடியைச் செருகி வைத்து, நான்காம் நாள் இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கைபொறுக்காத சூடு இருப்பின் நன்று. சூடு தணிந்ததும் வெளிப்புறம் உள்ளே செல்லுமாறு புரட்டுக. குறைந்தது மூன்று முறை இவ்வாறு செய்தல் வேண்டும்.

5. சமையற் கழிவை மேலே கொட்டாது, நடுவிற் குழி செய்து புதைக்குக.

ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு கறுத்து, உதிர்ந்து, மண்வாசம் வீசும். அப்போதும் உடனே பரப்பிவிடாதீர்கள். பழைய சட்டியொன்றில் அவ்வெருவை நிரப்பி, நீர் தெளித்து, இரண்டு கிழமை பார்த்திருங்கள். ஒன்றும் முளையாவிடின் நாற்றுமேடைக்கும் அஞ்சாது இடலாம். பல முளைத்தால் குவியலை நனைத்து, முளைப்பவற்றை இரண்டிலைப் பருவத்திலேயே புரட்டி உள்ளே புதைத்து, மீண்டும் சூடேறச் செய்க.

குப்பைமேட்டுப் பூசணியைப் பறித்துக் கறி சமைப்பதை எவரும் தடுக்கவில்லை. காயைப் பறித்த கையோடு குவியலையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். இரண்டு நாழிகை வேலைதான். அதனைச் செய்யாது விடின், அடுத்த வெங்காயப் பாத்தியில் இரண்டு தடவைக் களைக்கூலி மிகையாகக் கொடுக்க நேரும்.