அக்கறைக்கு ஓர் அளவுகோல்

ஒரு நிறுவனத்தில் மனிதரின் உணர்வுக்கு எவ்வளவு இடம், வேலைக்கு எவ்வளவு இடம் என்று அளக்க முடியுமா? அமெரிக்கரான இராபர்ட் பிளேக், ஜேன் மூட்டன் இருவரும் 1964இல் வெளியிட்ட நூலில் அதற்கு ஒரு கட்டம் வரைந்தார்கள். வேலைமீது அக்கறை, மனிதர்மீது அக்கறை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண்.

வேலைக்கு 9, மனிதருக்கு 1 என்றால் காரியம் நடக்கும், மனம் புண்படும். மாறாக இருந்தால் சிரிப்பு இருக்கும், காரியம் நடக்காது. இரண்டுக்கும் 5 என்பதே சமநிலை என நாம் எண்ணுகிறோம். அவர்களோ அதை நடுவழி என்றே அழைத்தார்கள். ஒன்றைக் குறைத்துத்தான் மற்றதைக் கூட்ட வேண்டும் என்பதில்லை. இரண்டிலும் 9 பெறுவதே இலக்கு.

நமக்கு நாமே போடும் மதிப்பெண் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். நம்முடன் உழைப்பவரைக் கேட்போம்.