மயில் ஒரு பக்கம், அவுட்லைன் ஒரு பக்கம்! கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் டிசைன் விலகுவது ஏன்?

திண்டுக்கல்,-

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் போதும். திண்டுக்கல் டவுனிலும் சின்னாளப்பட்டி பக்கமும் தையல் கடைகளில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினுக்கு ஓய்வே கிடையாது. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் மயில் போடு, மாங்காய் போடு என்று துணியோடு வந்து நிற்பார்கள்.

இந்த அவசரத்தில்தான் வில்லங்கம் வருகிறது. மயிலின் உடம்பு ஒரு இடத்தில் விழும். அதைச் சுற்றி ஓட வேண்டிய அவுட்லைன் தள்ளிப்போய் விழும். நடுவில் துணி பல்லை இளிக்கும். 2 மில்லி மீட்டர் விலகினாலே கண்ணை உறுத்தும்.

பட்டுச்சேலையோடு வரும் ஜாக்கெட் துணி ஒன்றே ஒன்றுதான். அதே கலர், அதே பார்டரில் வேறு துணி கடையில் கிடைக்காது. கெட்டுப்போனால் நஷ்டம் தையல்காரர் தலையில்தான் விழும். மெஷின் வாங்கிய கடனுக்கு தவணை வேறு கட்ட வேண்டும்.

மெஷின் மக்கர் பண்ணுது என்று உடனே மெக்கானிக்கை கூப்பிடுகிறார்கள். ஆனால் பல நேரம் தப்பு மெஷினில் இல்லை, துணியை மாட்டியதில்தான்.

துணி எப்படி நகருகிறது?

ஒவ்வொரு தையலும் துணியை கொஞ்சம் உள்ளே இழுக்கும். ஒரு மயிலுக்கு ஆயிரக்கணக்கான தையல். உடம்பு நிரம்பி முடிவதற்குள் துணி நன்றாகவே சுருங்கியிருக்கும். வட்டமாகப் போட்ட பொட்டு முட்டை மாதிரி ஆவது இதனால்தான். மெஷினோ பழைய கணக்குப்படி அவுட்லைனை ஓட்டிவிட்டுப் போகிறது.

பிரேமில் துணி தொய்வாக இருந்தால் இந்த இழுப்பு இரட்டிப்பாகும். ஊசி மேலே வரும்போது துணியும் சேர்ந்து துள்ளும். தட்டினால் சத்தம் வருகிற அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். அதற்காக ஸ்குரூவை முறுக்கிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. அப்படி இழுத்த துணி, பிரேமை கழற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பி சுருக்கம் விழும்.

அடியில் வைக்கும் பேப்பரையும் துணியோடு சேர்த்து பிரேமிலேயே மாட்ட வேண்டும். காசு மிச்சம் என்று சின்ன துண்டை அடியில் சொருகுவது வீண் வேலை. பட்டு வழுக்கினால் பிரேமின் உள்வளையத்தில் காட்டன் நாடா சுற்றினால் பிடித்து நிற்கும்.

சின்னாளப்பட்டி சுங்குடி போன்ற காட்டன் துணி என்றால் முதலில் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, அயர்ன் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் துணி சுருங்கும், பாலியஸ்டர் நூல் சுருங்காது. சரியாக விழுந்த டிசைனும் கோணிக்கொள்ளும்.

பழைய துணியே டாக்டர்!

கெட்டியான பழைய காட்டன் துணி ஒன்றை எடுத்து, அடியில் 2 பேப்பர் வைத்து, அதே டிசைனை ஓட்டிப் பாருங்கள். சரியாக விழுந்தால் மெஷின் மேல் பழி இல்லை. துணி, பேப்பர், பிரேம் இவற்றில்தான் கோளாறு.

அப்போதும் விலகினால் இன்னும் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். மூன்று முறையும் ஒரே இடத்தில், ஒரே அளவு விலகினால் தப்பு டிசைனில். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் திடீரென நகர்ந்து, அங்கிருந்து மீதி டிசைன் மொத்தமும் தள்ளிப்போனால் மெஷினைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

டிசைனில் என்ன தப்பு வரும்? எல்லா கலரையும் போட்டுவிட்டு கடைசியில் அவுட்லைனை வைத்திருப்பார்கள். அதற்குள் துணி சுருங்கிவிடும். ஒவ்வொரு பாகத்தையும் முடித்த கையோடு அதன் அவுட்லைனை போடும்படி மாற்றித் தரச் சொல்லலாம். இழுப்பை ஈடுகட்ட ஓரத்தில் 0.2 முதல் 0.4 மில்லி மீட்டர் வரை கூடுதலாக விடுவதும் வழக்கம். பெரிய டிசைனை மெஷினிலேயே பாதியாகக் குறுக்கினால் தையல்கள் ஒன்றன் மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு துணியை பிடித்து இழுக்கும்.

மெஷினில் எதைப் பார்ப்பது?

முதலில் ஊசி. மழுங்கிய ஊசி துணியை குத்தாமல் தள்ளும். மாற்ற ஆகும் செலவு சில ரூபாய்தான்.

அடுத்து, மெஷினை ஆப் செய்துவிட்டு பிரேமை லேசாக ஆட்டிப்பார்க்க வேண்டும். ஆடினால் அதை தாங்கும் கையின் ஸ்குரூவை முறுக்க வேண்டும். உள்ளே பெல்ட் தொய்ந்திருந்தால் அது மெக்கானிக் வேலை.

பலரும் கவனிக்காதது சேலையின் கனம். முந்தானையில் டிசைன் போடும்போது மீதிச் சேலை மேஜைக்கு கீழே தொங்கினால் அந்த பாரமே பிரேமை இழுத்துவிடும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு சேலையை மடித்து வைத்தாலே போதும். பிரேம் சுவரில் இடித்தாலும் இதே கதிதான்.

கரண்ட் போனால் பிரேமில் கை வைக்கக் கூடாது. நூல் அறுந்தால் சில தையல் பின்னால் போய் ஓட்ட வேண்டும். நிமிடத்துக்கு 900 தையல் என்று விரட்டாமல் பட்டுக்கு 600 அளவில் ஓட்டினால் விலகல் குறையும்.

விலகியே போச்சு என்றால்? காட்டனாக இருந்தால் பின்பக்கம் பாபின் நூலை வெட்டி பிரித்துவிடலாம். பட்டில் பிரித்தால் ஊசி ஓட்டை மறையாது. அதனால் பிரிக்காமல், தெரியும் இடைவெளி மேல் ஜரிகை கயிறோ ஆரி ஒர்க் சங்கிலித் தையலோ ஓட்டி மறைக்கலாம். ஒரு கையில் ஓட்டினால் மறு கையிலும் ஓட்ட வேண்டும்.