உங்களுக்குத் தெரியுமா? குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு

தடுப்புமுறை ஏதுமின்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் மருத்துவம் அதைக் குழந்தையின்மை என்கிறது. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எங்கள் சின்னசேலம் பக்கத்திலோ மூன்றாம் மாதமே “விசேஷம் உண்டா?” என்று கேட்கத் தொடங்கி, மருமகளை மட்டும் கோயில் கோயிலாக அனுப்புகிறோம்.

ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசியில்லை, மயக்க மருந்தில்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். இத்தனை எளிய சோதனைக்கு வராமல் கணவர் ஒதுங்கி நிற்பது பெரும் அநியாயம்.

இனி சிகிச்சைகளைப் பார்ப்போம். ஐ.யு.ஐ. முறையில், கழுவிப் பிரித்த விந்தணுக்களை மெல்லிய குழாய் வழியே கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். கரு உருவாவது உடலுக்குள்தான், செலவும் குறைவு. ஆனால் இரண்டு கருக்குழாய்களும் அடைத்திருந்தால் எத்தனை முறை செய்தாலும் பலனில்லை. நம் நாட்டில் அந்த அடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணம். ஆகவே முதலில் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே எடுத்துக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குழாய் அடைத்தவர்களுக்கு வழி ஐ.வி.எஃப். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, ஆய்வகத் தட்டில் விந்தணுக்களோடு சேர்த்து வைப்பார்கள். மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருவைக் கருப்பையில் வைப்பார்கள். இக்ஸி என்றால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவது. அணுக்கள் மிகக் குறைந்த ஆண்களுக்கு இது வரம். எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாக இருப்பவர்களுக்கு இக்ஸியால் கூடுதல் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. “எங்களுக்கு இது எதற்கு, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

இந்த ஐ.வி.எஃப். முறையில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்ற சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தாள். உறைய வைத்த கருவிலிருந்து பிறந்தவள் அவள். அதை அன்று யாரும் நம்பவில்லை. அவமானப்படுத்தப்பட்ட அவர் 1981-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குரிய அங்கீகாரம் பல ஆண்டுகள் கழித்தே வந்தது.

சேலத்துக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுமுன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2021-ம் ஆண்டுச் சட்டப்படி ஐ.யு.ஐ., ஐ.வி.எஃப். போன்ற சிகிச்சை தரும் மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரை, ஆணுக்கு 21 முதல் 55 வரை அனுமதி. ஆணா பெண்ணா என்று கருவைத் தேர்ந்தெடுத்துத் தருவதாக எவர் சொன்னாலும் அது குற்றம்.