மன்னார் மணலுக்குக் காவிளாய்

பல்லாண்டு லூபின் குளிர்நாட்டுப் பூச்செடி. அதற்குத் தண்மையும் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணும் வேண்டும். மன்னார்த் தீவில் இரண்டும் இல்லை. சிப்பி பொடிந்த சுண்ணாம்பு மணலில் அதன் இலை மஞ்சளித்துப் போகும்; விதைப் பொட்டலத்தின் படம் பொட்டலத்திலேயே நின்றுவிடும். லூபின் சேர்ந்த அதே அவரைக் குடும்பத்தில், ஊதாப் பூக்கதிர் விடும் காவிளாய் இத்தகைய வறண்ட மணலில் தானாகவே முளைக்கும். தமிழ்நாட்டில் அது கொழுஞ்சி. சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாமல், நடுநரம்பின் இருபுறமும் சாய்வாகக் கிழியும். அடையாளம் காண அது உதவும்.

வரலாறு சுருக்கமானது. செடி சேகரிப்பாளர் டேவிட் டக்ளஸ் 1826இல் வட அமெரிக்க லூபினை பிரித்தானியாவுக்கு அனுப்பினார்; தோட்டக்காரர் ஜோர்ஜ் ரசல் வளர்த்தெடுத்த வண்ண வகைகள் 1937இல் காட்சிக்கு வந்தன. இரு செடிகளும் அடங்கிய அவரைக் குடும்பம் காற்றின் நைதரசனைப் பிடிப்பதை 1886இல் ஆய்வாளர்கள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அறிவித்தனர்.

சுவையான சங்கதி வேர்முண்டுக்குள் இருக்கிறது. நைதரசனைப் பிடிக்கும் நைதரசனேஸ் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் முண்டுக்குள் இருந்து அதை இயக்கும் பற்றீரியாவுக்கு மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பது செடி சுரக்கும் லெக்ஹீமோகுளோபின். அது சாவிக்கொத்தை இடுப்பில் செருகிய மாமியார்: வெளியிலிருந்து வந்த மருமகளான பற்றீரியாவுக்கு ஒட்சிசன் என்னும் எண்ணெயைக் கரண்டியால் அளந்தே கொடுக்கும். கொடுக்காவிட்டால் அடுப்பு எரியாது. போத்தலோடு கொடுத்தால் குசினியே எரிந்துவிடும். மாமியாரின் சேலையும் சிவப்புத்தான். முண்டை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அங்கே சமையல் நடக்கவில்லை.

இலங்கையில் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இயற்கைப் பசளை பற்றிப் பெரும்பேச்சு எழுந்தது. தடை அவ்வாண்டே விலகியது. அவரைச் செடியை நட்டாலே பக்கத்துப் பயிர் செழிக்கும் என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் விலகவில்லை. பிடித்த நைதரசனில் பெரும்பகுதி செடியின் உடம்புக்குள்ளேயே தங்கும். அது மண்ணுக்கு வருவது செடி மக்கும்போதுதான். அதனால்தான் குழை தாழ்க்கும் வழக்கம் உண்டு.

காவிளாய் விதையின் தோல் தடித்தது. தண்ணீர் எளிதில் புகாது. கரடான மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஐப்பசி மழையோடு நேரே நிலத்தில் விதைக்க வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நட்டால் தேறாது. வேரூன்றிய செடி வறட்சியைத் தாங்கும். கால்நடை விரும்பி மேயாததால் வேலியும் அவ்வளவு தேவையில்லை. அழகுக்கு வளர்ப்பவர் பூத்து முடிந்ததும் கதிர்களை நறுக்கலாம். பசளைக்கு வளர்ப்பவர் பூக்கும் தறுவாயில், தண்டு விறகாகும் முன் வெட்டித் தாழ்க்க வேண்டும். இலையிலும் விதையிலும் மீனை மயக்கும் நஞ்சு இருப்பதால், வெட்டிய குழையை மீன் உள்ள குளத்தில் போடக் கூடாது.