பாட்டு வகுப்பு – 7: திரையில் தோடி

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு தோடி பாடிப் பாருங்கள். ஸட்ஜத்தில் முள் நிற்கும். பஞ்சமத்தில் நிற்கும். காந்தாரத்துக்கு வந்ததும் அலைய ஆரம்பிக்கும். ரிஷபத்தின் பக்கம் போகும், மத்யமத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும், எந்த இடத்திலும் நிலைகொள்ளாது. கமகமே இல்லாமல் காந்தாரத்தை நேராக நீட்டினால் முள் அடங்கி, 'சுருதி சரி' என்று செயலி சொல்லும். அந்த இடத்தில் தோடி போய்விடுகிறது.

வீட்டில் சாதகம் செய்யும் பிள்ளைகள் பலர் இப்போது இந்த முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். சாதாரண காந்தாரம் என்று பாடப் புத்தகத்தில் பெயர் படித்திருக்கிறார்கள். அது ஓர் இடம், அங்கே போய் நிற்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். பாட்டு வாத்தியார் பாடுவதோ வேறாக இருக்கிறது. யாரை நம்புவது? பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு இது சின்னக் குழப்பம் அல்ல. வகுப்பறையில் திரையும் கணினியும் எதற்கு என்ற கேள்விக்கு நான் பதில் தேடத் தொடங்கியது இந்தக் குழப்பத்திலிருந்துதான்.

அமெரிக்க இசையியலாளர் சார்லஸ் சீகர் 1958-ல் ஒரு கட்டுரை எழுதினார். இசையை எழுதிவைப்பதில் இரண்டு வகை உண்டு என்றார். எப்படிப் பாட வேண்டும் என்று சொல்லும் எழுத்து ஒன்று. எப்படிப் பாடினார்கள் என்று பதிவு செய்யும் எழுத்து இன்னொன்று. இரண்டாவது வகைக்காக அவர் மெலோகிராஃப் என்ற கருவியையே உருவாக்கினார். குரல் ஏறி இறங்கும் வழியை அது கோடாக வரைந்து தரும்.

நம்முடைய ஸ்வரப் புத்தகங்கள் எல்லாம் முதல் வகை. அவற்றில் கமகத்தையும் எழுத்தில் கொண்டுவரப் பெருமுயற்சி செய்தவர் சுப்பராம தீட்சிதர். 1904-ல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யில் ஸ்வரங்களுக்கு மேல் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறி போட்டிருக்கிறார். கம்பிதத்துக்கு நெளிகோடு. அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில், ஈய எழுத்துகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான். ஆனாலும் அந்த நெளிவு எங்கே தொடங்கி எதுவரை போகிறது, எத்தனை முறை போகிறது என்பதைக் குறி சொல்லாது. அதற்கு ஒருவர் எதிரே உட்கார்ந்து பாடிக் காட்ட வேண்டும்.

வகுப்பறைத் திரைக்கு வேலை இருப்பது இங்கேதான். பாட வேண்டியதை அதில் எழுதிப் போடுவதால் பெரிய பயன் இல்லை. பாடியதைக் காட்டினால் பயன் உண்டு. சாகித்யத்தையும் ஸ்வரத்தையும் ஸ்லைடில் போட்டு நடத்தும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் வாசிக்கத் தொடங்குகிறார்கள், தொடையில் தாளம் போடும் கை நின்றுபோகிறது. கரும்பலகையிலேயே செய்திருக்கக்கூடிய வேலை அது.

பாடியதைக் காட்டும் மென்பொருள்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் பேச்சொலி ஆய்வுக்காக எழுதிய 'பிராட்' தனிக்குரலுக்குப் போதும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான 'சோனிக் விஷுவலைசர்' இன்னும் வசதி. பக்கவாத்தியத்தோடு இருக்கும் கச்சேரிப் பதிவிலிருந்தும் பாட்டின் கோட்டைப் பிரித்தெடுக்க, அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் 'மெலோடியா' என்ற இணைப்பு நிரல் இருக்கிறது. அது பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதே பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா 2011-ல் தொடங்கிய 'காம்ப்மியூசிக்' திட்டத்தில் கர்நாடக இசையும் ஓர் ஆய்வுப்பொருள், சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கெடுத்தது.

முதலில் செய்ய வேண்டியது ஸட்ஜத்தைச் சொல்லிக் கொடுப்பது. ஒரு கட்டையில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு 196. இதைச் சரிசெய்யாமல் இருவர் கோட்டையும் போட்டால், ஒன்று திரையின் கீழேயும் மற்றொன்று மேலேயும் கிடக்கும், ஒப்பிட முடியாது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரிக்கும் அளவுக்கு மாற்றி, அவரவர் ஸட்ஜத்தைப் பூஜ்ஜியமாக வைத்தால் வாத்தியாரின் காந்தாரமும் மாணவியின் காந்தாரமும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

அப்படி நிறுத்தி வைத்தபின் தோடியைப் பாருங்கள். காந்தாரம் இருக்க வேண்டிய உயரத்தில் தட்டையான பகுதியே தென்படாது. கோடு ரிஷபத்தின் அருகிலிருந்து மத்யமம் வரை வளைந்து வளைந்து போகும். காந்தாரத்தைக் கடந்துகொண்டே இருக்கும், தங்காது. அதே வகுப்பில் சங்கராபரணத்தின் அந்தர காந்தாரத்தைப் போட்டுக் காட்டினால், அங்கே கோடு நிதானமாக நிற்பது தெரியும். செயலியின் முள் ஏன் அலைந்தது என்று நான் விளக்கவே வேண்டியிருக்காது.

ஆனால் வரிசை முக்கியம். காது முந்த வேண்டும். பாடுவதைப் பல முறை கேட்கட்டும், கையை அசைத்து அந்த வழியைக் காற்றில் காட்டட்டும், பிறகு ஒருவர் வந்து பலகையில் சாக்பீஸால் தான் கேட்டதை வரையட்டும். அதற்குப் பிறகுதான் புரொஜெக்டர். தான் வரைந்ததும் கணினி வரைந்ததும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று அந்தக் குழந்தையே தேடும். முதலிலேயே கோட்டைக் காட்டிவிட்டால், குரல் அந்தக் கோட்டைத் துரத்த ஆரம்பித்துவிடும். கோட்டைப் பார்த்துப் பாடும் கமகம் எப்போதும் ஒரு நொடிப் பிசகோடுதான் வரும். பார்த்தாயிற்றா, திரையை அணைத்துவிட்டு மறுபடி பாட வேண்டும்.

வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். யூடியூபில் ஒரு சங்கதியைப் பாதி வேகத்தில் ஓட்டலாம், சுருதி மாறாது. பிருகா நிறைந்த சங்கதியில் எத்தனை ஸ்வரம் என்று எண்ணிப்பார்க்க இது அருமையான துணை. ஆனால் இயந்திரம் மெதுவாக்குவதும் வாத்தியார் மெதுவாகப் பாடுவதும் ஒன்றல்ல. ஒரே வர்ணத்தை இரண்டு காலத்திலும் பாடிப் பதிவு செய்யுங்கள். முதல் காலத்தில் ஒரு காந்தாரத்துக்குள் பல அசைவுகள் இருக்கும். இரண்டாம் காலத்தில் அவை குறைந்து, வடிவமும் சுருங்கும். இரண்டாம் காலப் பதிவை மென்பொருளால் இழுத்தால் அந்தக் குறைந்த அசைவுகளே ரப்பர்போல் நீளும், முதல் காலம் கிடைக்காது. இரண்டு கோடுகளையும் மேலும் கீழுமாகத் திரையில் வைத்தால் மாணவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். காலப்பிரமாணம் மாறினால் கமகமும் மாறும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கடினம் என்று வாத்தியார்களுக்குத் தெரியும்.

கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். ஒலி தாமதமாக வருவதால், திரையில் ஓடும் முள்ளுக்கும் காதில் விழுவதற்கும் பொருந்தாது. கம்பி போட்ட ஸ்பீக்கரே நல்லது. காணொளி வழி வகுப்பு எடுப்பவர்கள், செயலியில் இரைச்சலை நீக்கும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிக்கும் தம்புராவை அது மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அழித்துவிடும். மறுமுனையில் இருக்கும் குழந்தை சுருதியே இல்லாமல் பாட்டு கற்றுக்கொண்டிருக்கும்; இங்கே இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

அடுத்த வாரம் மிருதங்கம். வலந்தலையில் அப்பியிருக்கும் கரணை, தோலின் ஒலியை எப்படி ஸ்வரமாக்குகிறது என்பதை சி.வி. ராமன் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவர் சொன்னதை வகுப்பறைத் திரையில் கோடு கோடாகக் காண முடியும். மிருதங்கம் வாசிக்கும் மாணவர் யாராவது இருந்தால், மீட்டும் சாப்பும் தனித்தனியாக வாசித்து இப்போதே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.