நீர்ச்சறுக்கு: பந்தயமும் பொழுதுபோக்கும்

சித்தூரின் நீவா நதியும் திருப்பதியை அடுத்த சுவர்ணமுகியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிப்பவை. கல்யாணி அணையில் தேங்கும் நீரோ திருப்பதிக்கும் திருமலைக்கும் குடிநீராக வேண்டியது. ஆகவே, இவ்விரு நகரங்களிலும் வாழும் நம் தமிழர், நீர்ச்சறுக்கைப் படங்களில் கண்டிருப்பரேயன்றி நேரில் கண்டிருத்தல் அரிது. ஆயினும் அவ்விளையாட்டைச் சார்ந்த கேள்வி ஒன்று நம் இல்லங்களிலும் எழுவதே. பிள்ளை ஓடவோ நீந்தவோ பழகியதும், பந்தயத்தில் சேர்ப்பதா, அவன் போக்கில் ஆட விடுவதா என்று நாம் யோசிக்கிறோம் அல்லவா?

நீர்ச்சறுக்கு பிறந்தது வெறும் விளையாட்டாகத்தான். 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் இரு பலகைகளைக் காலில் பூட்டி, படகொன்று இழுக்க, பெப்பின் ஏரியின்மேல் நின்று சென்றார். அன்று அவருக்கு எதிராளியும் இல்லை, நடுவரும் இல்லை. ஐம்பது ஆண்டுகளில் நிலை மாறிற்று. 1972ஆம் ஆண்டின் மூனிக் ஒலிம்பிக்கில் இது காட்சி விளையாட்டாக இடம் பெற்றது.

பொழுதுபோக்காகச் சறுக்குபவர் விரும்பிய திசையில் வளையலாம். களைத்தால் கயிற்றை விட்டுவிடலாம். பந்தயத்திலோ பாதை வகுக்கப்பட்டது. வளைவுப் பந்தயத்தின் நீர்ப்பாதை 259 மீட்டர் நீளமுடையது. படகு நடுவே நேராகச் செல்லும். சறுக்குபவர், நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருபுறமும் மாறி மாறி மிதக்கும் ஆறு மிதவைகளைச் சுற்றிவர வேண்டும். ஆடவருக்குரிய உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். அவ்வேகத்தில் முழுப் பாதையும் 16 விநாடிகளில் முடிந்துவிடும்.

ஆறு மிதவைகளையும் வென்றவருக்கு ஓய்வில்லை. உச்ச வேகத்தை எட்டும்வரை படகின் வேகம் படிப்படியாகக் கூட்டப்படும். பின்னர் 18.25 மீட்டர்க் கயிறு சிறிது சிறிதாகக் குறைக்கப்படும். அது 11.25 மீட்டராகும்போது மிதவைக்கே எட்டாது! எஞ்சிய தொலைவைச் சறுக்குபவர் தம் உடலைச் சாய்த்து நீட்டியே கடக்க வேண்டும். ஒரு மிதவை தவறினால் ஆட்டம் முடிந்தது.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு. தொடக்கநிலையாளர் குறைந்த வேகத்தில் தொடங்கலாம். சென்ற முறை மூன்று மிதவைகள், இம்முறை நான்கு என்றால், பரிசு யாருக்குச் சென்றாலும் அவர் முன்னேறியவரே. வேடிக்கைச் சறுக்கலில் இத்தகைய அளவுகோல் இல்லை. மறுபுறம், பந்தயத்திற்கு இடைவிடாத பயிற்சி வேண்டும். படகுக்கும் எரிபொருளுக்கும் பணம் வேண்டும். வேகம் ஏற ஏற விழும்போது படும் அடியும் பெரிதாகும். மிதவை அங்கியும், ஓட்டுநரைத் தவிரச் சறுக்குபவரையே கவனித்திருக்கும் ஒருவர் படகில் இருத்தலும் இருவகைக்கும் இன்றியமையாதவை. வேடிக்கைதானே என்று அவற்றை விடுவது பேதைமை.

நம் கடற்கரையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் மீனவ இளைஞர்கள் மகிழ்ச்சிக்காக அலைச்சறுக்குப் பழகினர். பின்னர் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாமல்லபுரத்திலேயே ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்று, அதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அலைச்சறுக்குப் போட்டியில் ஒருவர் ஏறும் அலைகளுள் சிறந்த இரண்டே கணக்கில் சேரும். போட்டியில்லாத நாளிலோ எல்லா அலைகளும் அவருடையவை.

எனவே பந்தயமும் பொழுதுபோக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்பின் முறைதான் முக்கியம். முதலில் நீரின்மேல் அன்பு பிறக்கட்டும். தன் திறனை அளந்தறியும் ஆவல் பிள்ளைக்கே எழும்போது பந்தயத்திற்கு அனுப்புவோம். பந்தயம் முடிந்த மறுநாளும் அவன் மகிழ்ந்து விளையாடச் செல்கிறானா என்று கவனிப்போம். செல்கிறான் என்றால் நாம் நடத்தியது நல்வழியே. செல்லவில்லை என்றால், பதக்கம் கிடைத்திருந்தாலும், சிறிது காலம் பந்தயத்தை நிறுத்திவைப்பதே பெற்றோர் கடமை.